கணினி ஃபேன் இரைச்சலும் சூடும்: மும்பை வீடுகளுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி மாடி அறையோ, மாட்டுங்கா ஒன் பிஎச்கேவோ, கம்ப்யூட்டர் இருக்கும் அறையிலேயே வீட்டில் ஒருவர் படுத்துத் தூங்கவும் வேண்டியிருக்கிறது. அதே அறையில் மே மாதப் பகலில் 34 டிகிரி. ஃபேனைக் குறைத்தால் சூடு, கூட்டினால் பாட்டிக்குத் தூக்கம் போச்சு. இந்த இழுபறியில் வருகிற கேள்விகளுக்கான பதில்கள் கீழே. சொற்களில் மட்டும் ஒரு சின்ன ஒப்பந்தம்: சிபியு என்றால் ப்ராசஸர்தான், முழுப் பெட்டிக்குக் கேபினெட், பவர் சப்ளைக்குக் கடைக்காரர்கள் சொல்கிற எஸ்எம்பிஎஸ். ‘சுற்று’ என்று எண்ணோடு வந்தால் நிமிடத்துக்கு அத்தனை சுற்று.

கேபினெட் இரைகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சிபியு கூலர், கிராபிக்ஸ் கார்டு, கேபினெட் ஃபேன்கள், எஸ்எம்பிஎஸ், பழைய ஹார்டு டிஸ்க் என ஒரு சாதாரணப் பெட்டியிலேயே ஐந்து இடம் இருக்கிறது. இரவில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் காது கொடுங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால், கணினியை அணைத்து, கேபினெட் ஃபேன் ஒன்றின் வயரை உருவிவிட்டு, கணினியை மறுபடி போட்டுப் பாருங்கள். இப்படி ஒவ்வொன்றாகச் செய்தால் கால் மணி நேரத்தில் ஆள் அகப்பட்டுவிடும். சிபியு ஃபேனை மட்டும் உருவ வேண்டாம்.

சத்தத்தின் வகையே பாதி விடையைச் சொல்லிவிடும். ‘உஸ்ஸ்’ என்று சீராக வந்தால் அது காற்றோசை. வேகத்தைக் குறைப்பதுதான் வழி. ‘கர்ர்ர்’ என்று, அதுவும் காலையில் முதல் தடவை போடும்போது கூடுதலாக வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும், அவ்வளவுதான், ஃபேனை மாற்றுங்கள். ஒழுங்கான தாளத்தில் ‘டிக் டிக் டிக்’ வந்தால் ஏதோ வயர் இறக்கையில் உரசுகிறது. ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம், பெட்டியின் மேல் உள்ளங்கையை அழுத்தினால் நின்றுபோகிறதா? அது அதிர்வு. திருகு தளர்ந்திருக்கலாம், கண்ணாடி மூடி ஆடலாம், பெட்டி இரும்பு பீரோவில் முட்டிக்கொண்டிருக்கலாம். கேம் ஓடும்போது மட்டும் ‘கீ...’ என்று பூச்சி மாதிரி கூர்மையாக வந்தால் அது கிராபிக்ஸ் கார்டில் உள்ள காயிலின் (கம்பிச் சுருளின்) ஒலி. எந்த ஃபேனைத் தொட்டும் பயனில்லை. ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்தால் குறையும்.

எத்தனை டிகிரி வரை விடலாம்?

பெரும்பாலானோர் நினைப்பதைவிட அதிகமாகவே விடலாம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் சிபியுக்களில் பெரும்பாலானவை 95 டிகிரி வரை ஓடவே வடிவமைக்கப்பட்டவை. 7800எக்ஸ்3டி மாதிரி அடுக்கு கேஷ் (அடுக்காக வைத்த கூடுதல் வேக நினைவகம்) உள்ளவற்றுக்கு வரம்பு 89. இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களுக்கு 100. அந்த வரம்பைத் தொட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. என்விடியா கார்டுகள் பலவற்றில் தொழிற்சாலை வைத்த இலக்கே 83 டிகிரி பக்கம்தான்.

கடும் வேலையில் சிபியு 80 முதல் 85, கிராபிக்ஸ் கார்டு 75 முதல் 80 என்பது எங்கள் அளவுகோல். கார்டின் ‘ஹாட்ஸ்பாட்’ என்ற எண் அதைவிட 10, 15 டிகிரி கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நடைமுறையில் நடப்பது என்ன? 65 டிகிரியில் சிபியுவைப் பிடித்து வைப்பேன் என்று அடம்பிடித்து, சிப்புக்கு எந்த நன்மையும் இல்லாத அந்த 15 டிகிரிக்காக வீடே இரைச்சலைச் சுமக்கிறது.

ஏசி போட்டால் அமைதி, ஏசி நின்றதும் அலறல். ஏன்?

ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் கொண்டுபோக முடியாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பது மட்டுமே அதன் கையில் இருக்கிறது. 25 டிகிரி ஏசி அறையில் சிபியு 71 என்றால், அதே வேலை, அதே ஃபேன் வேகம், 33 டிகிரி அறையில் ஏறக்குறைய 79. அறை ஒரு டிகிரி ஏறினால் உள்ளேயும் ஒரு டிகிரி.

ஆகவே வேகம் அமைக்கும் வேலையை ஏசி இல்லாத பிற்பகலில் செய்யுங்கள். மும்பையில் அதற்கு மே மாதம்தான் வேண்டும் என்பதில்லை, மழை விட்ட பிறகு வரும் அக்டோபர் வெக்கையும் போதும். அந்த நாளில் தாங்கினால் ஆண்டு முழுவதும் தாங்கும். தகரக் கூரை போட்ட மேல்மாடி அறை என்றால் சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டிப் பாருங்கள். வானிலை அறிக்கை சொல்லும் எண்ணுக்கும் உங்கள் மேசைக்கும் நிறைய தூரம் இருக்கும்.

வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் கூலிங்கும் பாதியாகிவிடாதா?

காற்று பாதியாகும். சத்தம் அதைவிட மிக வேகமாக விழும். கணக்கின் அடிப்படை இதுதான்: காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதம்; சத்தமோ வேகம் பாதியானால் ஏறக்குறைய 15 டெசிபல் குறைகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தோன்றும். 1,500 சுற்றை 1,200 ஆக்கினால் காற்று ஐந்தில் ஒரு பங்கு போகும், சத்தம் 5 டெசிபல் இறங்கும்.

சூடு எவ்வளவு ஏறும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கேபினெட்டுக்குள் மொத்தம் 300 வாட் வெப்பம் உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம்; நடுத்தர கேமிங் கணினி அவ்வளவு எடுக்கும். நிமிடத்துக்கு 50 கன அடி காற்று உள்ளே வந்து போனால், வெளியேறும் காற்று அறையைவிட 11 டிகிரி சூடாக இருக்கும். 100 கன அடி ஆக்கினால் ஐந்தரை டிகிரி. 200 ஆக்கினால் இரண்டே முக்கால். முதல் இரட்டிப்பில் ஐந்தரை டிகிரி லாபம். அடுத்த இரட்டிப்பில் இரண்டே முக்கால்தான், ஆனால் அதற்கும் அதே 15 டெசிபல் விலை. மேலே போகப் போகக் காசு கொடுத்துக் காற்று வாங்கிக் காற்றையே கொட்டுகிற கதை.

அப்படியானால் வேகத்தைக் குறைத்து ஃபேன் எண்ணிக்கையைக் கூட்டலாமா?

கூட்டலாம், ஓர் எல்லை வரை. ஒரே மாதிரி இரண்டு ஃபேன் சேர்ந்தால் சத்தம் 3 டெசிபல்தான் கூடுகிறது. ஆக, 1,500-இல் ஒரு ஃபேன் இருக்கும் இடத்தில் 750-இல் இரண்டு ஃபேன் வைத்தால் காற்று ஏறக்குறைய அதே அளவு, சத்தம் 12 டெசிபல் குறைவு. 120 மிமீ இடத்தில் 140 மிமீ பொருந்துமானால் அதுவும் இதே வகை லாபம்.

முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள: இதுவே பெரும்பாலான வீட்டுக் கணினிக்குப் போதும். மூன்றாவதாக முன்னால் ஒன்று சேர்த்தால் ஓரிரு டிகிரி கிடைக்கும். ஏழு, எட்டு என்று அடுக்குவது கண்ணாடி வழியே பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவே.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. கேம் அரை மணி நேரம் ஓடட்டும், கார்டின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்க மூடியைக் கழற்றிவிட்டு இன்னும் பத்து நிமிடம். ஆறேழு டிகிரிக்கு மேல் இறங்கினால் உள்ளே காற்று வர வழி அடைபட்டிருக்கிறது: முன்பக்கம் மூடிய கண்ணாடியாக இருக்கலாம், ஃபில்டர் அழுக்காக இருக்கலாம், கேபினெட் கம்ப்யூட்டர் மேசையின் அறைப்பெட்டிக்குள் நுழைந்து தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டிருக்கலாம். இறங்கவே இல்லை என்றால் புது ஃபேன் எதையும் மாற்றாது.

ஃபேன் எந்தப் பக்கம் காற்றைத் தள்ளும்?

ஸ்டிக்கரும் குறுக்குச் சட்டங்களும் உள்ள பக்கமாக. சில ஃபேன்களின் ஓரத்தில் அம்புக்குறியும் இருக்கும். சந்தேகம் என்றால் ஒரு டிஷ்யூ துண்டைக் காட்டுங்கள்.

ஃபேன் வேகத்தை எப்படி அமைப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், இதற்கு ஒவ்வொரு போர்டும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: ஆசுஸில் க்யூ-ஃபேன், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், ஆஸ்ராக்கில் ஃபேன்-டேஸ்டிக், எம்எஸ்ஐயில் ஹார்டுவேர் மானிட்டர். உள்ளே எல்லாம் ஒன்றுதான்: கீழ்க்கோட்டில் டிகிரி, பக்கக்கோட்டில் சதவீதம், நடுவில் இழுத்து நகர்த்த நாலைந்து புள்ளிகள். அவற்றை இணைக்கும் கோட்டுக்குத்தான் கர்வ் என்று பெயர்.

முதலில் காதைக் கொண்டு அளந்து பாருங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு ஃபேனை மட்டும் 500 சுற்றிலிருந்து 100, 100-ஆக ஏற்றுங்கள். எந்த எண்ணில் முதன்முதலாகக் கேட்கிறது, எந்த எண்ணில் எரிச்சலாகிறது என்று இரண்டையும் தாளில் எழுதுங்கள். இடையில் ஏதாவது ஒரு வேகத்தில் மட்டும் பெட்டி ரீங்காரமிட்டு, அதைத் தாண்டியதும் அடங்கினால் அதையும் குறியுங்கள். அந்த வேகத்தில் ஃபேன் நிற்காமல் கடந்து போகும்படி கர்வை வளைக்க வேண்டும். படுக்கும் இடத்திலிருந்தும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சதவீதத்தை நம்பாமல் சுற்று எண்ணைப் பாருங்கள், 50 சதவீதம் என்றால் எல்லா ஃபேனிலும் பாதி வேகம் ஆகாது.

அடுத்து கர்வ். உச்ச வேகம் 1,500 சுற்று உள்ள 120 மிமீ சிபியு ஃபேனுக்கு இப்படித் தொடங்கலாம்: 55 டிகிரி வரை 40 சதவீதம், 65-இல் 45, 75-இல் 55, 83-இல் 70, 90-இல் 100. போர்டோடு வரும் கர்வ் 40 டிகிரியிலேயே ஏறத் தொடங்கினால், நம் ஊரில் சும்மா யூடியூப் பார்க்கும்போதே ஏற்றத்தில் நிற்கும், ஏனென்றால் இங்கே அறையே 32. முழுக் கர்வையும் வலப்பக்கமாகத் தள்ளுவதுதான் முதல் மருந்து.

பிறகு சோதனை. சிபியுவை முழுதாக ஓட்டும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் 10 நிமிடம், அடுத்து நீங்கள் உண்மையில் ஆடும் கேம் அரை மணி நேரம். சூட்டையும் ஃபேன் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யுஇன்ஃபோவைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். சிபியு 85-ஐத் தாண்டவில்லை என்றால் 75 டிகிரிப் புள்ளியை இன்னும் ஐந்து சதவீதம் கீழே இழுக்கலாம். தாண்டினால் மேலே. இரண்டு மூன்று தடவையில் இடம் பிடித்துவிடும். வீடியோ ரெண்டரிங் மாதிரி சிபியுவின் எல்லாக் கோர்களும் மணிக்கணக்கில் ஓடும் வேலை இருந்தால் அதையே சோதனையாக வையுங்கள்.

கேபினெட் ஃபேன்களின் வேகத்தைச் சிபியு சூட்டோடு கட்டாதீர்கள். கேமில் சூட்டைக் கொட்டுவது கிராபிக்ஸ் கார்டு. சிபியு அப்போது சும்மா 60-இல் இருக்கும். பெரும்பாலான பயாஸால் கார்டின் சூட்டைப் படிக்க முடியாது. விண்டோஸில் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் படிக்கும். ‘சிபியு, கார்டு இரண்டில் எது கூடுதலோ அது’ என்று அமைக்கவும் அதில் வழி உண்டு. அது வேண்டாம் என்பவர்கள் கேபினெட் ஃபேன்களை எரிச்சல் எண்ணுக்குக் கொஞ்சம் கீழே, 800 சுற்று மாதிரி ஒரே வேகத்தில் நிறுத்திவிட்டு மறந்துவிடலாம். சோம்பேறி வழிதான், ஆனால் நல்ல வழி.

பிரௌசரைத் திறந்தாலே ‘உவ்வ்’ என்று ஏறி இறங்குகிறது.

சிபியு ஒரு நொடியில் 20 டிகிரி ஏறி அடுத்த நொடியில் இறங்கும், ஃபேன் பின்னாலேயே ஓடுகிறது. காது சீரான சத்தத்தை மறந்துவிடும், ஏறி இறங்குவதைத்தான் கவனிக்கும். பயாஸில் ‘ஸ்டெப் அப்’, ‘ஸ்டெப் டவுன்’ என்ற நேர அமைப்பு இருக்கும்: ஏற 4, 5 நொடி, இறங்க 10 நொடிக்கு மேல் கொடுங்கள். கூலரின் உலோகம் சூடேறவே சில நொடி ஆகும். தாமதத்தால் நஷ்டம் எதுவும் இல்லை.

லாமிங்டன் ரோட்டில் ஃபேன் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். கடையில் கேட்க வேண்டிய வார்த்தை ‘சார் பின் பிடபிள்யுஎம்’. இந்தி ‘சார்’, அதாவது நாலு. மரியாதைச் சார் இல்லை.

நாலு பின் ஃபேனில் 12 வோல்ட் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். நாலாவது வயரில் போகும் 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வேகத்தைச் சொல்லும். அதனால் மிகக் குறைந்த வேகத்திலும் திக்காமல் ஓடும். மூன்று பின் ஃபேனில் வோல்ட்டைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். ஓர் அளவுக்குக் கீழே போனால் நின்றுவிடும், அல்லது நின்று நின்று கிளம்பும். மூன்று பின் ஃபேனைப் போர்டில் மாட்டிவிட்டு பயாஸில் ‘பிடபிள்யுஎம்’ என்றே விட்டால் முழு வேகத்தில் ஓடும். ‘புது ஃபேன் போட்டேன், முன்னைவிடச் சத்தம்’ என்ற புகாருக்கு அடிக்கடி காரணம் இதுதான். வோல்ட்டால் கட்டுப்படுத்தும் ‘டிசி’ என்று மாற்றுங்கள்.

வண்ண விளக்கோடு மூன்று ஃபேன் ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் வயரின் முனையைப் பிரித்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகும் பெரிய நாலு பின் மோலெக்ஸ் மட்டும் இருந்தால் வேகக் கட்டுப்பாடே கிடையாது. ஆறு பின் சொந்த வடிவ முனை என்றால் அந்தக் கம்பெனியின் ஹப் இல்லாமல் ஓடாது, ஒரு ஃபேன் போனால் தனியாக மாற்றவும் முடியாது. கவுன்டரில் ஒரு மோலெக்ஸை ‘இதுவும் சார் பின்தான்’ என்று நீட்டினால், அது உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

மற்றபடி: போர்டின் ஒரு ஃபேன் முனை பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். ஃபேன் ஸ்டிக்கரில் 0.2 ஆம்பியர் என்றிருந்தால் ஸ்ப்ளிட்டர் எனும் கிளை வயர் போட்டு மூன்று, நாலு மாட்டலாம். படுக்கை வாட்டில் மாட்டும் இடத்துக்கு ஸ்லீவ் பேரிங் வேண்டாம், சீக்கிரம் தேயும். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் கேளுங்கள். வாட்டர் கூலரின் ரேடியேட்டர், நெருக்கமான ஃபில்டர் இவற்றின் மேல் வைக்க ‘ஸ்டாட்டிக் பிரஷர்’ (தடையைத் தாண்டிக் காற்றைத் தள்ளும் அழுத்தம்) அதிகமுள்ள ஃபேன். சிபியு கூலரும் வாங்குவதானால் போர்டில் உள்ள சிபியுவிலிருந்து பக்க மூடி வரை எவ்வளவு இடம் என்று அளந்துகொண்டு போங்கள். டவர் கூலர்கள் பல 155 முதல் 160 மிமீ உயரம். மூடி சாத்தவில்லை என்றால் இன்னொரு முறை ரயில் ஏற வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் நிற்கிறது, திடீரென்று கிளம்புகிறது, மறுபடி நிற்கிறது. பழுதா?

பழுது இல்லை. பல கார்டுகள் 50, 60 டிகிரிக்குக் கீழே ஃபேனை நிறுத்திவிடும். மும்பை அறையில் கார்டு சும்மா இருக்கும்போதே அந்த எல்லையின் விளிம்பில் நிற்பதால் கிளம்பிக் கிளம்பி அடங்கும். ஆஃப்டர்பர்னர் என்ற கார்டு மென்பொருளில் குறைந்தபட்சம் 30 சதவீதம் என்று நிரந்தரமாக ஓடவிடுங்கள். கேபினெட்டின் முன் ஃபேனை 100 சுற்று கூட்டினாலும் பல நேரம் கார்டு எல்லைக்குக் கீழேயே நின்றுவிடும்.

ஃபேனைத் தொடாமலே இரைச்சலைக் குறைக்க முடியுமா?

முடியும், காசில்லாத வழிகளில் பெரியதும் அதுதான். உண்டாகாத சூட்டை வெளியேற்ற வேண்டியதில்லை.

கார்டு: ஆஃப்டர்பர்னரில் ‘பவர் லிமிட்’டை 75 அல்லது 80 சதவீதமாக்குங்கள். 200 வாட் கார்டு 150, 160-க்கு வரும். கேமில் இழப்பு பெரும்பாலும் சில சதவீதம்தான், கடைசி வாட்கள் எல்லாம் கடைசித் துளி வேகத்துக்காகக் கொட்டப்படுபவை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு 140 ஃபிரேம் ஓட்டுவதில் அர்த்தமே இல்லை, வரம்பை 60-இல் வையுங்கள். இது ஒன்றிலேயே ஃபேன் பாதி அடங்கிய கணினிகள் உண்டு.

சிபியு: ரைசனில் ‘ஈகோ மோட்’ என்ற குறைந்த மின்சார அமைப்பு. 105 வாட் என்று விற்கப்படும் 7700எக்ஸ் உண்மையில் 142 வாட் வரை இழுக்கும். 65 வாட் ஈகோவில் அது 88-இல் நிற்கும். கேம்களில் வித்தியாசம் தெரிவது அரிது, ரெண்டரிங்கில் கொஞ்சம் தெரியும். இன்டெலில் பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு மின்சார வரம்புகள். பல போர்டுகள் அவற்றை 4,095 வாட், அதாவது வரம்பே இல்லை என்று திறந்துவிட்டிருக்கும். 13700கே-வுக்கு இரண்டையும் 125 வாட் ஆக்கிப் பாருங்கள். திறந்துவிட்டால் அது 250-ஐத் தாண்டும்.

தூசி விஷயத்தில் மும்பைக்கென்று ஏதாவது?

உண்டு. பக்கத்துக் கட்டடத்து சிமென்ட் தூள், துணிப் பஞ்சு, சமையலறைத் தாளிப்பின் எண்ணெய்ப் படலம், காற்றின் ஈரம், நாலும் சேர்ந்து இங்கே தூசி ஊதினால் பறக்காது, அப்பிக்கொள்ளும். சிபியு கூலரின் ஃபேனைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பைக் கழற்றி, ஃபேனை எடுத்துவிட்டு ஹீட்சிங்க் எனும் உலோகத் தகடு அடுக்கின் முகத்தைப் பாருங்கள். தகடுகளுக்கு முன்னால் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் ஒரே விரிப்பாக உரிந்து வரும். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் இது தெரியாது, ஃபேன் மறைத்துக்கொண்டிருக்கும். ‘இரண்டு வருஷம் அமைதியாக இருந்தது, இப்போது இரைகிறது’ என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

சுத்தம் செய்ய: பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை கேலரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ப்ளோயரை ஓர் அடி தள்ளிப் பிடித்து, வழக்கமாகக் காற்று போகும் திசைக்கு எதிராக ஊதுங்கள். ஊதும்போது ஒவ்வொரு ஃபேனின் இறக்கையையும் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது தாங்கக்கூடியதைவிட வேகமாகச் சுழன்று பேரிங் கெடும்; மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் போர்டுக்குள் மின்சாரத்தையும் தள்ளும். இறக்கையில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை லேசாக ஈரமான துணியால் துடைக்கலாம். வீட்டு வாக்குவம் கிளீனரைப் போர்டின் பக்கம் கொண்டுவர வேண்டாம், நிலைமின்சாரம் அடிக்கும். ஃபில்டரைக் குழாயடியில் கழுவி, மழைக்காலமானால் ஓர் இரவு முழுக்க சீலிங் ஃபேனுக்கடியில் உலரவிட்டு மாட்டுங்கள்.

ஃபில்டர் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உள்ளே மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை. தீபாவளிக்குச் சுவர் சுரண்டி வெள்ளையடிக்கும் நாட்களில் கணினியை ஓடவிடாமல் போர்வை போட்டு மூடிவிடுங்கள். உள்ளிழுக்கும் காற்று வெளியேறுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி வேகங்களை வைத்தால், இண்டு இடுக்கு வழியே தூசி நுழையாமல் ஃபில்டர் வழியே மட்டும் காற்று வரும்.

கடற்கரை ஈரக்காற்று கூலிங்கைக் கெடுக்குமா?

கெடுக்காது. 85 சதவீத ஈரப்பதத்தில் நாம் புழுங்குவது வியர்வை உலராததால். ஹீட்சிங்க்குக்கு வியர்வை கிடையாது. அதற்கு வெப்பநிலை மட்டும்தான் கணக்கு. வாட்டர் கூலரில் நீர் பூக்குமோ என்ற பயமும் வேண்டாம், அதில் உள்ள நீர் அறையைவிடக் குளிராகவே முடியாது.

கவனிக்க வேண்டிய ஒரே தருணம்: ஏசி அறையில் நன்றாகக் குளிர்ந்து கிடந்த கேபினெட்டை மழைக்கால வெளிக்காற்றுக்குக் கொண்டுவரும்போது. மூக்குக்கண்ணாடி மங்குகிற மாதிரியே உலோகத்தில் நீர் படியும். ஒரு மணி நேரம் பொறுத்துப் போடுங்கள்.

வாட்டர் கூலர் வாங்கினால் அமைதியாகிவிடுமா?

150 வாட்டுக்குக் கீழே இழுக்கும் சிபியு என்றால் நல்ல டவர் கூலரே போதும். வாட்டர் கூலரில் பம்ப் என்ற இன்னொரு சத்தம் சேரும். அதன் உண்மையான நன்மை வேறு: நீர் மெதுவாகச் சூடாகும். நீரின் வெப்பநிலையைக் காட்டும் மாடலாகப் பார்த்து ஃபேனை அதோடு கட்டினால் ஏற்ற இறக்கமே இருக்காது. பம்பை ஒரே வேகத்தில் வையுங்கள். ரேடியேட்டரை மேல்பக்கம் மாட்டுவது நல்லது. பம்ப் எந்த நிலையிலும் குழாய்ச் சுற்றின் மிக உயரமான இடமாக இருக்கக்கூடாது. இருந்தால் காற்றுக்குமிழி அங்கே போய் உட்கார்ந்து ‘குளுக் குளுக்’ என்னும், பம்பின் ஆயுளும் குறையும்.

லேப்டாப் விமானம் மாதிரி இரைகிறது.

மெத்தையிலிருந்து எடுங்கள், அடியில்தான் அது மூச்சு விடுகிறது. பின்பக்கத்தை இரண்டு பாட்டில் மூடி வைத்து இரண்டு சென்டிமீட்டர் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். அடுத்து விண்டோஸ் பவர் அமைப்பில் ‘மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்’டை 99 சதவீதமாக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் அது டர்போவையே, அதாவது சிப் தானாக ஏற்றிக்கொள்ளும் கூடுதல் வேகத்தையே, அணைத்துவிடும். எக்செல், ஜூம், படம் பார்ப்பதற்கெல்லாம் அது தாராளம். கேம் ஆடும்போது 100-க்குத் திருப்பிக்கொள்ளலாம்.

தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டுமா?

சுத்தம் செய்தும் சூடு குறையவில்லை, கூலர் போட்டு மூன்று நாலு வருடம் ஆகிறது என்றால் மாற்றுங்கள். பழையதை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு. ஏஎம்4 சாக்கெட் ரைசன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாகத் திருகித் திருகி எடுங்கள். நேரே மேலே இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு சிபியுவும் சாக்கெட்டைப் பிய்த்துக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ் ஃபேன்தான் சத்தம். திறந்து மாற்றலாமா?

வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். அடிப்பக்க ஃபில்டரைச் சுத்தம் செய்து பாருங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் வாரன்டியில் கொடுங்கள் அல்லது யூனிட்டையே மாற்றுங்கள்.

ஃபோன் ஆப்பில் 38 டெசிபல் காட்டுகிறது. நல்லதா?

அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஃபோன் மைக்கின் சொந்த இரைச்சலே 30-ஐ ஒட்டி இருக்கும். ஒரே ஃபோன், ஒரே இடம், சீலிங் ஃபேன் நின்ற நேரம். இப்படி ‘முன்பு, பின்பு’ ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். ஃபேன் பெட்டியில் அச்சிட்ட டெசிபலும் அமைதி அறையில் ஒற்றை ஃபேனைத் தனியே அளந்தது. குடியிருப்புப் பகுதிக்கு இந்தியச் சட்டம் வைத்த இரவு வரம்பே 45 டெசிபல். ரயில்பாதை ஓரத்து வீட்டில் 20 டெசிபல் ஃபேனுக்காகப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஜன்னலைச் சாத்திப் பாருங்கள்.

எல்லாம் செய்தாயிற்று. இரவில் டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கும்போது மட்டும் இன்னும் லேசாகக் கேட்கிறது.

ஃபேன் கன்ட்ரோலில் இரவுக்கென்று ஒரு தனி அமைப்பைச் சேமியுங்கள்: கேபினெட் ஃபேன் எல்லாம் 500 சுற்று, கூடவே விண்டோஸில் லேப்டாப்புக்குச் சொன்ன அந்த 99 சதவீதம். டவுன்லோடுக்கு அது போதும். பிறகு பெட்டியின் இடம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், சின்ன அறையில் அவ்வளவு இராது. ஆனாலும் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மாற்றினால் தெரியும். சுவருக்கும் பெட்டியின் பின்பக்கத்துக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். மரப்பலகையோ டைல்ஸோ கூடவே அதிர்ந்தால், பழைய ஹவாய் செருப்பின் அடியை நாலு துண்டாக வெட்டிக் கால்களுக்குக் கீழே கொடுங்கள். கடையில் விற்கும் ரப்பர் பாதங்கள் செய்வதும் அதே வேலைதான்.